கொடையும் அறிவும்

ஈதல் மக்கட்பிறப்பின் சிறப்புகளுள் தலையாயது. பிறர் துன்பங் கண்டு இரங்கும் உள்ளமும், இரங்கியபின் கொடுக்க நீளும் கையும் உடையவரை உலகம் எக்காலத்தும் போற்றி வந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டுப் பழம்புலவர் எழுவரைத் தேர்ந்து வள்ளல்கள் எனப் பாடினர். அவருள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, சேலம் மாவட்டத்தில் சுவேத நதிக்கரையில் உள்ள கெங்கவல்லிக்குத் தென்மேற்கே நீல நிறங்காட்டி நிற்கின்றது. மற்றொருவனாகிய அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி. அது 1965 வரையில் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. எனவே வள்ளன்மை என்பது இச்சமவெளி மக்களுக்குப் பழைய சொத்து.

அவ்வெழுவருள் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தான். கொடுக்கும் பொருள் பெறுவோர்க்கு எவ்வாறு பயன்படும் என ஆராயாமல், உள்ளத்தில் எழுந்த இரக்கத்தையே அளவாகக் கொண்டு கொடுப்பதைச் சான்றோர் ‘கொடைமடம்’ என்றனர். மடம் என்றது அறியாமையை. ஆயினும் அஃது இகழ்ச்சியாகச் சொல்லப்பட்டதன்று. கொடையாளனின் உள்ளப் பெருக்கைப் புகழ்ந்து சொல்லப்பட்டது. அதியமானின் செயலோ வேறு வகையினது. அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியின் இயல்பையும், அதனை உண்பவரால் உலகுக்கு விளையும் நன்மையையும் எண்ணி, அவன் அதனை ஔவைக்கு அளித்தான். முன்னது அன்பினால் மட்டும் எழுந்த கொடை. பின்னது அன்போடு அறிவும் கூடிய கொடை.

மயிலுக்கு ஈந்த போர்வை வீணாயினும் அதனால் எவர்க்கும் கேடு இல்லை. ஆனால், ஓர் ஊரார் அனைவரும் பருகும் நீரும், ஒரு நாட்டுக் குழந்தைகள் அனைவரும் உண்ணும் மருந்தும் அத்தகையன அல்ல. அங்குக் கொடைமடம் பொருந்தாது. கொடுக்கும் அன்புக்கு அறிவு துணைநிற்றல் வேண்டும். அவ்வறிவையும் ஊதியம் கருதாது கொடுப்பவர் இன்று உலகெங்கும் உளர். அவர்தம் தொண்டே இப்பாடத்தின் பொருளாகும்.

நாடு கடந்து தொண்டாற்றும் சங்கங்களுள் ரோட்டரி சங்கம் பழைமையானது. அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், 1905-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 23-ஆம் நாள், பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடி இதனைத் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவருடைய பணியிடத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியமையால், சுழலுதலைக் குறிக்கும் இப்பெயர் அமைந்தது. தொழில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது அச்சங்கத்தின் தொடக்ககால வழக்கம். ஆகவே ஒரே அவையில் மருத்துவரும் பொறியாளரும் வணிகரும் வழக்கறிஞரும் அருகருகே அமர்ந்தனர். பிற்காலத்தில் அறிவுத்தொண்டு தழைப்பதற்கான வித்து இவ்வழக்கத்திலேயே அடங்கியிருந்தது. 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்பவர், உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிதி வேண்டும் என்றார். அதற்கு முதன்முதல் வந்த நன்கொடை இருபத்தாறரை டாலரே. அதுவே இன்று ரோட்டரி அறநிலையமாக வளர்ந்துள்ளது. நம் நாட்டில் 1920-இல் கல்கத்தாவிலும், 1929-இல் சென்னையிலும் இச்சங்கம் அமைந்தது. அரிமா சங்கம் எனத் தமிழில் வழங்கும் லயன்ஸ் சங்கமும் 1917-இல், மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால், அதே சிகாகோ நகரில் தோன்றியதாகும்.

ஒரு நாட்டுச் சங்கம் மற்றொரு நாட்டு மக்களுக்கு உதவ முன்வரும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. கொடுப்பவர் பல்லாயிரம் கல் தொலைவில் இருக்கின்றார். பெறுவோரின் நிலமும் நீரும் பழக்க வழக்கமும் அவருக்குத் தெரியா. நல்லெண்ணம் கடலைக் கடந்து வந்துவிடும். ஆனால் நிலத்தின் இயல்பை அறிய நல்லெண்ணம் மட்டும் போதாது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடிநீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது நம் நாட்டு வரையறை. அளவு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் பருகும் குழந்தைகளின் பற்களில் கறை படியும். நாளடைவில் எலும்புகளும் கெட்டு முதுகு வளையும். அந்நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். அத்தகைய இடத்தில் ஒருவர் அன்பு மிகுதியால் ஆழ்துளைக் கிணறு ஒன்றை அமைத்துக் கொடுத்தால், அவர் கொடுத்தது நீரா, நோயா? இக்குறையை நீக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது.

வங்காளதேசத்தில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. குளத்துநீரைப் பருகி மக்கள் வயிற்றுப்போக்கால் மாள்வது கண்டு, 1970-களிலிருந்து ஆங்குக் குழாய்க் கிணறுகள் மிகப் பல அமைக்கப்பட்டன. நோக்கம் தூயது, அவற்றால் விளைந்த நன்மையும் உண்டு. ஆயின் நிலத்தின் அடியில் ஆர்சனிக் என்னும் பாடாண நஞ்சு இருந்தமையை அன்று எவரும் சோதித்திலர். 1993-இல் அந்நஞ்சு கண்டறியப்பட்டபோது, கோடிக்கணக்கான மக்கள் அந்நீரைப் பருகி வந்தனர். முன்னரே ஒரு குவளை நீரைச் சோதித்திருந்தால் எத்துணைத் துன்பம் தவிர்ந்திருக்கும்!

இத்தகைய கேடுகள் நேராமற் காப்பதற்காகவே அறிவுடையோரின் அணிகள் அமைந்தன. ரோட்டரி அறநிலையத்தில் தொழில்நுட்ப அறிவுரையாளர் அணி ஒன்று உண்டு. நீர்நிலைப் பொறியாளர், மருத்துவர், ஆசிரியர், உழவியல் வல்லுநர், கணக்காய்வாளர் முதலானோர் தம் அறிவைத் தொண்டாக அளிக்க இதில் பெயர் பதிந்துகொண்டுள்ளனர். இவர்கள் கூலி பெறுவதில்லை. இவர்தம் பணி மூவகைப்படும். திட்டம் தொடங்குமுன் அதனைப் படித்துக் குற்றங்குறைகளை எடுத்துக் கூறுதல் ஒன்று. பணி நிகழும் இடத்திற்கு நேரிற் சென்று காணுதல் மற்றொன்று. கொடுத்த பணம் கருதிய வழியிற் செலவாயிற்றா எனக் கணக்காய்தல் பிறிதொன்று. இவ்வணியின் வேறாக, குடிநீர், தாய்சேய் நலம் முதலிய ஒவ்வொரு துறைக்கும் அத்துறையில் ஈடுபாடுடையோர் கூடிய செயற்குழுக்களும் உள. ஒரு நாட்டில் ஒருவர் பட்டறிந்த உண்மை, பிறநாட்டில் அதே பணியைத் தொடங்குவார்க்கு இவற்றின் வாயிலாக எட்டுகின்றது.

இவர்கள் செயற்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கெங்கவல்லியைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடிநீர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டாரத்துச் சங்கம் ஒன்றும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் இணைந்து திட்டம் வகுக்கின்றன. இரு நாட்டுச் சங்கங்கள் கைகோத்தாலன்றி அறநிலையத்தின் பெருங்கொடை கிடைப்பதில்லை. ஊராரின் தேவையை முதலில் கேட்டறிந்து எழுதுதல் வேண்டும் என்பதும் விதி.

திட்டத்தைப் படிக்கும் அறிவுரையாளர் வினாக்கள் பல எழுப்புவார். மழைக்காலத்தில் ஊறும் கிணறு சித்திரை, வைகாசித் திங்களிலும் ஊறுமா? நீரைச் சோதித்தீர்களா? ஊராட்சியின் இசைவு பெற்றாயிற்றா? மின்கட்டணத்தை மாதந்தோறும் யார் செலுத்துவார்? நீர்த்தூய்மிப் பொறி பழுதுற்றால் அதன் உறுப்பு ஆத்தூர்க் கடைத்தெருவில் கிடைக்குமா, அன்றிக் கடல் கடந்து வரவேண்டுமா? பழுது பார்க்க ஊரிலேயே எவரையேனும் பயிற்றுவித்தீர்களா? திறப்புவிழாவுக்குப்பின் ஐந்தாம் ஆண்டில் இத்திட்டம் எந்நிலையில் இருக்கும்?

இவ்வினாக்கள் சிலர்க்குத் தடைபோலத் தோன்றக்கூடும். கொடுக்க விரும்புவாரை ஏன் இத்துணைக் கேள்விகளால் வருத்துதல் வேண்டும் என அவர்கள் எண்ணுவர். வினவாமற் கொடுத்த பொறிகள் துருவேறி மூலையிற் கிடப்பதைக் கண்டவர்க்கே இவற்றின் அருமை விளங்கும். தோலடை ஒன்று தேய்ந்ததனால் நின்றுபோன நீரேற்றியின் அருகே குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு, அதனைக் கொடுத்தவரின் நல்லெண்ணம் தாகம் தீர்க்காது. கொடுத்த நாளை எண்ணுவது கொடைமடம். பயன்படும் நாட்களை எண்ணுவது கொடையறிவு.

அன்பும் அறிவும் இணைந்தால் எத்துணை அரிய செயலும் கைகூடும் என்பதற்கு, இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயை ஒழித்த வரலாறு தலைசிறந்த சான்றாகும். 1978–79-ஆம் ஆண்டுக்கு ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தவர் ஆஸ்திரேலிய நாட்டுக் கிளம் ரெனூஃப். பெரியம்மை உலகினின்று அகன்ற செய்தியை அறிந்த அவர், நம் சங்கமும் ஒரு கொடுநோயை ஒழித்தல் இயலுமா எனச் சிந்தித்தார். தாமே விடை காண முற்படாமல், ரோட்டரி உறுப்பினரும் நோய்த்தொற்று ஆராய்ச்சி அறிஞருமாகிய மருத்துவர் ஜான் சீவரை வினவினார். சீவர் நன்கு ஆய்ந்து, ஒரு நோயைத் தேர்வதாயின் போலியோவைத் தேர்க என்று அறிவுரைத்தார். அதன் தடுப்பு மருந்தை ஊசியின்றி வாயிற் சொட்டுகளாகவே இடலாம். ஆதலின் மருத்துவம் பயிலாத தொண்டரும் அதனை வழங்க இயலும். தொண்டர் படை உடைய சங்கத்திற்கு ஏற்ற பணி அதுவே என்பதனை அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சி காட்டிற்று. 1979-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 இலட்சம் குழந்தைகளுக்கு மருந்தளிக்கும் பணி தொடங்கியது. 1985-இல் அஃது உலகளாவிய இயக்கமாக விரிந்தது.

இங்கு நம் தமிழகத்தின் பங்கு பெரிது. குளிர்நாடுகளில் மூன்று முறை கொடுத்தாற் காத்த அம்மருந்து, வெப்பமும் நெருக்கமும் மிகுந்த நம் நாட்டிற் பல குழந்தைகளைக் காக்கவில்லை. மருந்துண்ட குழந்தைக்கும் வாதநோய் வந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நச்சுயிரியல் அறிஞராகப் பணியாற்றிய மருத்துவர் ஜேக்கப் ஜான், 1970-களில் இதனை ஆராய்ந்து, நம் நாட்டுக் குழந்தைகளுக்கு மேலும் பல முறை மருந்தளித்தல் வேண்டும் என நிலைநாட்டினார். ஓர் ஊரின் குழந்தைகள் அனைவர்க்கும் ஒருங்கே மருந்தளித்தலின் பயனையும் வற்புறுத்தினார். அங்ஙனம் அளித்தால் நோய்க்கிருமி புகுந்து வாழ இடமின்றி அழியும் என்பது அதன் கருத்து. 1981-இல் வேலூர் நகரில் இம்முறை மேற்கொள்ளப்பட்டது. ஆராய்ச்சி அறிஞரின் அறிவும் ரோட்டரி சங்கத்தாரின் உழைப்பும் ஆங்கு ஒன்றுகூடின. அறிஞர் தனித்து நின்றிருந்தால் அவ்வுண்மை ஏட்டில் உறங்கியிருக்கும். தொண்டர் தனித்து உழைத்திருந்தால் மருந்து வீணாகியிருக்கும்.

1995-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் குறித்த நாளில் சொட்டு மருந்து அளிக்கும் பெரும்பணியை அரசு மேற்கொண்டது. மருந்து வெப்பம் பட்டாற் கெடும். ஆதலின் பனிக்கட்டி இட்ட பெட்டிகளில் அதனைத் தொலைதூரச் சிற்றூர்களுக்கும் மலையூர்களுக்கும் சுமந்து சென்றனர். இத்தனைக்கும் பின்னர், 2011-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌராவில் கண்டறியப்பட்டதே நம் நாட்டின் இறுதிப் போலியோ நோய். 2014 மார்ச்சு 27-இல், உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது. 1988-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேரை முடமாக்கிய நோய், இன்று ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டுமே நிலைகொண்டுள்ளது. கால் சூம்பித் தவழ்ந்து வரும் பிள்ளைகளை அக்காலப் பள்ளிகளில் ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். இன்றைய மாணவர் அக்காட்சியை அறியார். அறியாதிருப்பதே இத்தொண்டின் வெற்றி.

இவ்வாறே கண்ணொளி காக்கும் பணியிலும் அறிவுக்கொடை சிறந்து விளங்குகின்றது. பார்வையும் செவிப்புலனும் இழந்தும் கல்வியிற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1925-இல் லயன்ஸ் சங்கத்தார் பேரவையில் நின்று, பார்வையற்றோர்க்குத் துணையாகுமாறு வேண்டினார். அன்று முதல் கண்ணொளிப் பணி அச்சங்கத்தின் தனிப்பணியாயிற்று. மதுரையிலோ, அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற மருத்துவர் வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் வளைந்திருந்தும், அக்கைகளாலேயே கண்ணறுவை செய்து பழகிய பெருமகன் அவர். குறைந்த செலவில், தரங்குறையாமல், ஏழையர்க்கும் மருத்துவம் செய்யும் முறையொன்று ஆங்கு உருவாயிற்று. அம்முறையைப் பிறர்க்கும் கற்பிப்பதற்காக 1992-இல், லயன்ஸ் சங்கத்தின் துணையோடு பயிற்சி நிலையம் ஒன்று மதுரையில் எழுந்தது. பிற மாநிலங்களிலிருந்தும், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மருத்துவமனை நடத்துவோர் வந்து ஆங்குப் பயில்கின்றனர். ஒருவர்க்கு அறுவை செய்தால் ஒருவர் பார்வை பெறுவர். முறையைக் கற்பித்தாலோ ஊர்தோறும் பலர் பார்வை பெறுவர். பிற நாட்டார் அறிவைப் பெற்று வந்த நாம், பிற நாட்டார்க்கு அறிவை வழங்கும் நிலைக்கும் உயர்ந்துள்ளோம் என்பதனை இது காட்டும்.

அறிவு கொடுப்பவர்க்கு வேண்டிய பண்பு ஒன்று உண்டு, அது பணிவு. நூலறிவு மிக்க பொறியாளர் ஓர் ஊருக்கு வந்தவுடன், அவ்வூரின் நீரோட்டத்தை அவ்வூர் உழவரினும் தாமே நன்கறிவார் என எண்ணுதல் ஆகாது. எந்தக் கிணறு எந்தப் பஞ்சத்தில் வற்றாதிருந்தது என்பது ஏட்டில் இராது. மூதாட்டி ஒருத்தியின் நினைவில் இருக்கும். போலியோப் பணியிலும் வட மாநிலங்களிற் சில இடங்களில் மக்கள் ஐயுற்று மருந்தை மறுத்தனர். மருத்துவ நூல்களைக் காட்டி அவர்களை மாற்ற இயலவில்லை. அவர்தம் சமயப் பெரியோர் உடன் நின்று எடுத்துரைத்தபோதே ஐயம் அகன்றது. எனவே கேட்டறியும் செவியும் அறிவின் ஒரு கூறேயாகும்.

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னர் நிற்பது எது என்பதனை நோக்குக. அஃது ‘ஒப்புரவறிதல்’ என்பதாகும். ஒப்புரவு செய்தல் என்னாது, ஒப்புரவு அறிதல் என அதிகாரத்திற்குப் பெயர் அமைந்துள்ளமை சிந்திக்கத்தக்கது. உலகத்தார்க்குப் பொருந்திய நடையை அறிந்தபின்னரே ஈகை சிறக்கும் என்று நாம் இவ்வைப்பு முறையினின்று பொருள் கொள்ளலாம்.

மாணவர்களே, கொடுப்பதற்குப் பொருள் இல்லையே என எவரும் வருந்த வேண்டுவதில்லை. கற்ற கல்வியும் கைத்தொழிலும் கொடுக்கக் குறையாத செல்வம். நாளை நீங்கள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், நீரேற்றியைப் பழுது பார்க்கும் தொழிலாளியாகலாம், கணக்கெழுதுவோராகலாம். அவ்வறிவில் ஒரு பங்கை, ஒரு சில நாட்களை, அறியாதார்க்கு என ஒதுக்குங்கள். நிதி கொடுப்பவரின் கையோடு உங்கள் அறிவும் சேருமாயின், கிணற்றில் நல்ல நீர் ஊறும். மருந்து நோய் தீர்க்கும். கொடுத்த பொருள் கொடுத்தவருக்குப் பின்னும் நின்று பயன்தரும்.